யாரையும் வதைக்காத சாக்லேட் பால்

என் மகளுக்கு வெறும் பால் தொண்டையில் இறங்காது. சாக்லேட் கலந்தால்தான் குடிப்பாள். பிள்ளை குடிப்பது ருசியாகவும் இருக்க வேண்டும், பாவம் ஒட்டாததாகவும் இருக்க வேண்டும் என்று நான் கிளம்பியதில்தான் வினையே ஆரம்பித்தது.

கடையில் விற்கும் சாக்லேட் பால் ஒவ்வொன்றையும் வாங்கிக் குடித்துப் பார்த்தேன். ஒன்று வெறும் சர்க்கரைப் பாகு. இன்னொன்று கஞ்சி மாதிரி கெட்டியாக இருந்தது. அதில் பால் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. இதற்கிடையில், எங்கோ தூரதேசத்துக் கொக்கோத் தோட்டங்களில் பிள்ளைகளை வேலை வாங்குகிறார்கள் என்று கைபேசியில் படித்தேன். இரண்டு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. துபாயில் இருக்கும் கணவரை நச்சரித்து, பிள்ளைகளை வேலைக்கு வைக்காத தோட்டத்துக் கொக்கோ என்று முத்திரை போட்ட டின் ஒன்றைக் கொண்டுவரச் செய்தேன்.

பாலுக்கு ஒரு அக்கா இருந்தார். சாயல்குடியில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்த்துக் கால் புண்ணாகி, நிற்க முடியாமல் திரும்பி வந்தவர். ஒற்றைப் பசுதான் அவருக்குச் சோறு போட்டது. எங்கள் தெருவில் நான்கு வீட்டுக்காரர்கள் அவரிடம் பால் வாங்கினோம். அந்தப் பாலில் கொக்கோவைக் கலந்து, கருப்பட்டியைத் தட்டிப் போட்டால் லேசான கசப்போடு அப்படி ஒரு ருசி. பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்களிடம் வாய் வலிக்கப் பீற்றிக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் பால் வரவில்லை. தூக்குவாளியோடு நானே போனேன். அக்கா கறந்துகொண்டிருந்தார். பசுவின் முகத்துக்கு நேரே ஒரு கன்று நின்றது. பசு அதை நக்கிக்கொண்டே இருந்தது. கிட்டே போன பிறகுதான் கன்றுக்குக் கண்கள் இல்லை என்பது தெரிந்தது. வயிற்றுத் தையலில் வைக்கோல் துருத்திக்கொண்டிருந்தது.

"கண்ணுக்குட்டி செத்து ஒரு வாரமாச்சு டீச்சர்," என்றார். "தோலுக்குள்ள வைக்கோலை அடைச்சு நிப்பாட்டுனாத்தான் பால் விடுது. இல்லாட்டி மடி கட்டிக்கிரும். எல்லாரும் செய்றதுதான்."

"பெத்த தாய்க்கிட்ட செத்த பிள்ளையைக் காட்டி ஏமாத்துறீங்களே. நீங்கல்லாம் மனுசிதானா?"

நான் கைபேசியை எடுத்துப் படம் பிடித்தேன். 'இந்தப் பாலைத்தான் நம் பிள்ளைகள் குடிக்கிறார்கள்' என்று எழுதித் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சாயங்காலத்துக்குள் நான்கு வீடும் பாலை நிறுத்தின. எனக்கு அதில் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

மூன்றாம் நாள் அக்கா வந்தார். நான் கொல்லையில் நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். ஊருக்குத்தான் உபதேசம், நான் கடற்கரையில் பிறந்தவள், மீன் இல்லாமல் சோறு இறங்காது.

"டீச்சர், நாலு வீடும் நின்னுபோச்சு. டீக்கடையிலயும் வேணாங்குறாக. புரோக்கர் வந்து பசுவைக் கேக்குறாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா மறுபடி வாங்குவாக."

"வித்துருங்க. போற இடத்துலயாவது அது நல்லாருக்கட்டும். நாங்க யாரையும் வதைக்காத பாலா பாத்து வாங்கிக்கிறோம்."

"இது கடைசி ஈத்து டீச்சர், இனிமே சினை பிடிக்காது. வளக்க யாரு வாங்குவா? அடிமாட்டுக்குத்தான் கேக்குறாரு."

நெத்திலியைக் கிள்ளிய என் கை நிற்கவில்லை. "அதுக்கு நான் என்ன செய்ய?" என்றேன். செய்திருக்கலாம். குழுவில் ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் அவசரப்பட்டுவிட்டேன் என்று மற்ற மூன்று வீட்டுக்காரர்கள் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பசுவின் உயிரைவிட என் கௌரவம் எனக்குப் பெரிதாக இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் அக்கா வீட்டு வாசலில் ஒரு லாரியைப் பார்த்தேன். பசு ஏற மறுத்தது. புரோக்கர் வாலை முறுக்கினார், குச்சியால் குத்தினார். அதைப் பார்க்கப் பொறுக்காமல், அக்காவே வைக்கோல் கன்றைத் தூக்கிவந்து லாரிக்குள் வைத்தார். பசு தானாக ஏறிப் போனது. நான் பஸ் பிடிக்க நடந்தேன்.

அட்டையில் பச்சை இலை போட்ட சாக்லேட் பால் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதிலிருந்த எண்ணுக்கு அழைத்து, கன்றுக்குட்டிகளை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். அந்த விவரம் எங்களிடம் இல்லை மேடம் என்றாள் ஒரு பெண். ஆனாலும் வாங்கினேன். மகள் அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, பழைய பாலைவிட இதுதான் நன்றாக இருக்கிறது என்றாள்.

இப்போது அக்கா எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுகிறார். போன வாரம் மகள் பாதி டம்ளரை மிச்சம் வைத்துவிட்டாள். கொட்ட மனம் வராமல், "நீங்க குடிங்கக்கா," என்று நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டு நின்றபடியே குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு டீச்சர். நம்ம பசுவை வதைச்ச மாதிரி எதையும் வதைக்காம எடுத்த பாலுதானே."

அவர் குத்திக் காட்டவில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பியிருந்தார்.