கிளிஞ்சல் கலந்த மண்

அந்தோணியின் படிப்பைக் கெடுத்தவன் நான்தான். அவன்மேல் எனக்குப் பொறாமை இல்லை, பகையும் இல்லை. என்ன ஆகும் என்று பார்க்க ஆசைப்பட்டேன்... அவ்வளவுதான்!

நம்ப மாட்டீர்கள். நானே பல தடவை நம்ப மறுத்திருக்கிறேன்.

நாங்கள் இருவரும் பட்டணத்துக் கலைப்பள்ளி ஒன்றில் படித்தோம். சிற்பமும் மட்பாண்டமும் கற்பிக்கும் மேல்வகுப்பில் சேர வேண்டுமானால், கோடை விடுமுறையில் ஒரு மனிதத் தலையை மண்ணில் செய்து, சுட்டு, பள்ளி திறக்கும் நாளில் பள்ளித் தலைவரான வெள்ளைக்காரத் துரையிடம் காட்ட வேண்டும். தலை தேறினால் இடம் உண்டு. தேறாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அந்தோணி ராயபுரத்து மீனவர் மகன். இடம் கிடைக்காவிட்டால் துறைமுகத்தில் கரி சுமக்கப் போ என்று அவன் தகப்பனார் சொல்லிவிட்டார். அந்தத் தகப்பனாரின் தலையைத்தான் அவன் செய்தான்!

எண்ணூர்க் கழிக்கரையில் மண் எடுத்தோம். எங்கள் வீடும் அங்கேதான். கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது எங்கள் குடும்பத் தொழில். நான் என் மண்ணைக் கரைத்துத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னாடா, காபி போட்டுகினு கீறியா? நானும் வடிகட்டணுமா?" என்றான் அந்தோணி.

அவன் மண்ணைப் பார்த்தேன். அதில் நொய்யரிசி போலக் கிளிஞ்சல் துணுக்குகள்! சுட்ட கிளிஞ்சலில் தண்ணீர் பட்டால் உப்பி வெடிக்கும் என்பது எனக்கு நடை பழகிய நாளிலிருந்தே தெரியும். ஒரு முகத்துக்குள் இருந்தாலும் வெடிக்குமா? முதலில் எங்கே? நெற்றியிலா, கன்னத்திலா?

"உன் மண்ணு நைசாதான் கீது. அப்படியே பிசை," என்றேன்.

எப்படித்தான் வாய் கூசாமல் சொன்னேனோ...

திருவொற்றியூர்ச் சூளையில் இரண்டு தலைகளும் முழுசாக வெந்து வந்தன. அவனுடையதுதான் அழகு. கடல் வெயிலில் இடுங்கிப்போன அந்தக் கண்களை என்னால் ஆயுசுக்கும் செய்ய முடியாது. பள்ளி திறக்க எட்டு நாள் இருந்தது. சொல்லியிருந்தால் இன்னொரு தலை செய்திருப்பான். நானோ தினமும் ராயபுரத்தில் அவன் வீட்டுக்குப் போய், தலையை மூடியிருந்த கோணியை விலக்கிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஏமாற்றம்... ஆம், ஏமாற்றம்!

பள்ளி திறப்பதற்கு முந்தின மாலை, சாம்பல் படிந்திருக்கிறது, கழுவிவிடலாம் என்றேன். குடத்துத் தண்ணீரை ஊற்றியதும் நானே.

மறுநாள் அந்தோணி அந்தத் தலையை ரயிலில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தான். துரை குனிந்து பார்த்து முகம் மலர்ந்தார். அப்போது 'டப்' என்றொரு சத்தம். மூக்கு நுனி தெறித்து மேசையில் விழுந்தது. பின்னாலேயே கன்னத்தில் ஒரு சில்லு. யாரோ சிரித்தார்கள். துரை அடுத்த தலைக்கு நகர்ந்துவிட்டார்.

என் மனத்தில் முதலில் எழுந்தது என்ன தெரியுமா? "மூக்கு! மூக்குதான் முதலில்!" என்ற குதூகலம். அதற்குப் பிறகுதான் அந்தோணியின் முகத்தைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் உடைந்த சில்லை என்னிடம் நீட்டினான். "நைனா மூக்கு போயிச்சேடா... உள்ள வெள்ளையா கீதே, இது இன்னாடா?"

"தெரியலையே," என்றேன். சுண்ணாம்புக்காரன் மகன் நான்!

எனக்கு இடம் கிடைத்தது. அவன் இன்றும் துறைமுகத்தில் கரி சுமக்கிறான். சென்ற மாதம் வழியில் பார்த்தபோது, "மண்ணு எனக்கு ஒத்துவரல மச்சான். உனுக்குத்தான் ராசியான கை," என்று சிரித்தான்.

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. ஆனால் என் கண்கள்... பாழாய்ப்போன என் கண்கள், வேர்த்த அவன் தோளில் கரித்தூள் எப்படிப் படிந்திருக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தன.