பாடாத பெட்டி

யுத்தம் வந்துவிட்டதாம். கம்பியில்லாமல் சேதி அனுப்பும் பெட்டி வைத்திருப்பவர்கள் உடனே ஒப்படைக்க வேண்டும் என்று இன்று காலை உத்தரவு வந்தது. என்னுடையதைத் தென்காசி போலீஸ் ஸ்டேஷனுக்குச் சுமந்துகொண்டு போனேன்.

கடையில் வாங்கியதல்ல, நானே கட்டியது. குற்றாலத்தில் குளிக்க வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன எண்ணெய்ப் புட்டியில்தான் செம்புக் கம்பியைச் சுற்றியிருக்கிறேன். சாரல் அடித்தால் மக்கர் செய்யும். பிரித்துக் காயவைத்து, வேறு மாதிரி மாற்றிக் கட்டுவேன்.

ஏட்டையா குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"நல்லெண்ணெய்லா மணக்கு! பாட்டு வருமா அண்ணாச்சி?"

"பாடாது ஏட்டையா. தந்தி மாதிரி நாம தட்டுனா தூரத்துல இருக்கவனுக்குக் கேக்கும். அவன் தட்டுனா நமக்குக் கேக்கும்."

"பாடாத பெட்டிய வச்சு நாங்க என்ன செய்ய?"

"அதத்தான் நானும் கேக்குதேன்."

அவர் பெட்டியை மூலையில் வைத்து, அதன்மேல் தண்ணீர்ப் பானையைத் தூக்கி வைத்தார்.

எத்தனையோ நாள் கூப்பிட்டும் யாரும் பேசாத பெட்டி அது. நேற்றுதான் முதன்முதலாகக் கொழும்பிலிருந்து ஒருவர் பதில் தட்டினார். "நாளைக்கும் வாருங்கள்" என்றார். இந்நேரம் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

உங்களில் யாருக்காவது கொழும்பில் ஆள் தெரிந்தால் அவரிடம் சொல்லிவிடுங்கள். நான் கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கவில்லை.