பின்வாசல் தையல் வகுப்பு

குடியை விட வைக்கும் நிலையத்தை நடத்துகிறவளை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கு முன் அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். நிலையத்துக்குக் குடிகார ஆண்களைப் பெண்டாட்டி, தம்பி, மாமனார் என்று ஒரு பட்டாளமே இழுத்துக்கொண்டு வரும். குடிக்கிற பெண் மட்டும் வரமாட்டாள். அப்படி ஒருத்தி உலகத்திலேயே கிடையாது என்று வீடுகள் சாதித்தன.

அதற்குப் பெரியக்கா கண்ட வழிதான் பின்வாசல். சந்துப் பக்கம் ஒரு கதவு, மேலே 'பெண்கள் தையல் வகுப்பு' என்று பலகை, உள்ளே பேருக்கு இரண்டு மெஷின். ஒன்றில் ஊசி கூடக் கிடையாது. பெண்கள் துணிப்பையோடு வந்தார்கள், அழுதார்கள், பலர் குடியையும் விட்டார்கள். "நம்ம ஜனங்க மனசு தெரிஞ்சவங்க" என்று விஷயம் தெரிந்த சிலர் பாராட்டினார்கள். பெரியக்காவுக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி பள்ளிக்கூட டீச்சர். அவள் பையில் எப்போதும் அதே நீலத் துணிதான். மடிப்புக் கலையாமல் வரும், கலையாமல் போகும். நாலு மாதம் ஒழுங்காக இருந்தவள் திடீரென்று வரவில்லை. மறுபடி குடிக்கிறாள் என்று பெரியக்காவுக்குப் பட்டது. வீட்டுக்குப் போய்க் கேட்டால் குட்டு உடைந்துவிடுமே என்று சும்மா இருந்தாள்.

பிறகு ஒரு நாள் டீச்சரின் புருஷன் போன் செய்தான்.

"அக்கா, ஆஸ்பத்திரியிலிருந்து பேசுறேன். நேத்துலேர்ந்து அவளுக்குக் கை நடுங்கிச்சு, இன்னைக்குக் காலையில வலிப்பு வந்திருச்சு. ஏதாவது பழக்கம் இருக்கான்னு டாக்டர் கேக்குறாரு. சேச்சே, என் பொண்டாட்டியா, தையல் கிளாசுக்குத்தான் போவான்னு சொன்னேன். அங்க எப்பவாவது மயங்கி விழுந்திருக்காளா?"

குடியைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரும் என்பது பெரியக்காவுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆனால் வாய் பழகிய பாதையிலேயே போயிற்று.

"இல்லீங்களே. தையல்தானே, கண்ணு அசந்திருக்கும்."

போனை வைத்ததும்தான் அவளுக்கு உறைத்தது. பாவி, என்ன சொன்னேன்! செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி ஆட்டோ பிடித்தாள். போய்ச் சேர்வதற்குள் இரண்டாவது வலிப்பு வந்து, டீச்சர் கட்டிலிலிருந்து விழுந்து வலது கை முறிந்திருந்தது. பெரியக்கா டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னாள்.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா இந்தக் கை தப்பிச்சிருக்கும்" என்றார் அவர். அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தித் திட்டியிருந்தால் தேவலையே என்றிருந்தது.

டீச்சர் பிழைத்துக்கொண்டாள். கை கூடியது, ஆனால் தோளுக்கு மேல் எழவில்லை. கரும்பலகையில் எழுதுகிற கை அது.

மறுபடி வருவதாக டீச்சர் சொல்லியனுப்பிய நாளில், பெரியக்கா பழக்கதோஷத்தில் சந்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். டீச்சர் தெருப் பக்கமிருந்து வந்து, முன்வாசல் படிக்குக் கீழே, இப்போது எல்லாம் தெரிந்துவிட்ட புருஷனோடு நின்றாள். பெரியக்கா பதறிக்கொண்டு ஓடினாள்.

"அந்தப் பக்கமா வந்திருக்கலாமேம்மா. யாராவது பாத்தா..."

"ஆம்பளைங்கல்லாம் இந்த வழியாத்தானே வர்றாங்க? எங்களுக்கு மட்டும் ஏங்க்கா சந்து?"

"ஊரு பேசுமேன்னுதான்..."

"ஊரு இன்னும் ஒரு வார்த்தை பேசலக்கா. பேச வேண்டிய அன்னைக்கு நீங்கதான் பேசாம இருந்தீங்க."

எதிர்த்த டீக்கடையில் நாலு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியக்கா முன்கதவின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்து வைத்தாள். படியிறங்கிப் போய், டீச்சரின் எழாத கையைப் பிடித்துக்கொண்டு, டீக்கடை வரை கேட்கிற மாதிரி சொன்னாள்.

"தப்பு என் மேலதான். உள்ள வாங்க, டீச்சர்."