தூணக்கா உட்கார்ந்த நாள்

தபாலில் வரும் கடிதங்களைப் பிரித்து, பதிவேட்டில் எண் போட்டு, உரிய மேசையில் கொண்டுபோய் வைப்பதுதான் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மகளுக்கு வேலை. அன்று அவள் ஏழாவதாகப் பிரித்த கடிதத்துக்குள் அவளுடைய அம்மா இருந்தாள்.

பெயர் போடவில்லை. "எங்கள் கடையில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பணிபுரியும் மூத்த விற்பனைப் பெண்மணி, இருக்கை வழங்கப்பட்ட பிறகும் ஒரு நாள்கூட அதில் அமர்ந்ததில்லை" என்று மட்டும் எழுதியிருந்தது. பெயர் எதற்கு? இருபத்தாறு வருஷம் நின்றபடியே திரைத்துணி விற்கிற பிடிவாதம் ஊருக்கு ஒருத்திக்குத்தான் இருக்க முடியும். அந்த ஒருத்தி தன் வீட்டில்தான் இருக்க வேண்டுமா என்று மகள் கடிதத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். பிறகு நிமிர்த்தி, பதிவேட்டில் எண் போட்டாள்.

விஷயம் இதுதான். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு, ஆள் வராத நேரத்தில் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு விதி வந்தது. நூற்று நாற்பது கடைகளுக்கும் அறிவிப்பைத் தட்டச்சு செய்தது மகள்தான். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள். படித்துக் கிழித்தது இதற்காவது உதவியதே என்று அந்த இரண்டு நாளும் அவளுக்குக் கால் தரையில் படவில்லை. அம்மாவின் கடை முதலாளியும் மாடிக்குப் பன்னிரண்டு ஸ்டூல் வாங்கிப் போட்டார். யாரும் உட்காரவில்லை. ஒரு வாரத்தில் ஸ்டூல்கள்மேல் துணிச் சுருள்கள் ஏறி உட்கார்ந்தன. ஆகவே, பணியாளர்களே விரும்பாததால் விலக்கு அளிக்க வேண்டும், ஸ்டூல்களைக் கிடங்குக்கு அனுப்ப அனுமதி வேண்டும் என்று முதலாளி இப்போது எழுதியிருந்தார். சாட்சி, அம்மா.

கடையில் அவளுக்குத் தூணக்கா என்று பேர். இரண்டாவது மாடியில், திரைத்துணிப் பிரிவில், ஜன்னலுக்கும் கவுண்டருக்கும் நடுவில் காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு எட்டுக்குத்தான் அசைவாள். கட்டடத்தையே அவள்தான் தாங்குகிறாள், அவள் லீவு போட்டால் மேல்மாடி இறங்கிவிடும் என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கேலி பேசுவார்கள். அதை அவள் கேலியாக எடுத்துக்கொண்டதே கிடையாது. வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொல்வாள்.

வீட்டில் இரண்டே நாற்காலி. ஒன்றில் மகள் உட்காருவாள். மற்றொன்று அம்மாவின் கால்களுக்கு. வேலை முடிந்து வந்ததும் தரையில் மல்லாந்து படுத்து, நரம்பு சுருண்டு பச்சையாகப் புடைத்த இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலிமேல் போட்டுக்கொள்வாள். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்து மகள் பார்த்ததில்லை. டாக்டர் இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. டாக்டரும் உட்கார்ந்துகொண்டேதானே சொல்கிறார், அவருக்கு என்ன தெரியும் என்பது அம்மாவின் பதில்.

காரணம் கேட்டால் பழைய கதையை எடுப்பாள். கடையில் சேர்வதற்கு முன்னால் ஒரு பெரிய வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பின்வாசலில் அவளுக்கென்று ஒரு தாழ்ந்த மரப்பலகை. கூப்பிடுகிறவரைக்கும் அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த வீட்டு மனிதர்கள் நல்லவர்கள்தான், ஆனால் பேசும்போது குனிந்து பேசுவார்கள். அவள் அண்ணாந்து பதில் சொல்ல வேண்டும். கடைக்கு வந்த முதல் நாள் ஒரு வாடிக்கையாளர் அவளை நேருக்கு நேர் பார்த்து, நீலம் நல்லா இருக்குமா பச்சை நல்லா இருக்குமா என்று கேட்டார். அன்றைக்கு முடிவு பண்ணினாளாம், இனி நின்றுதான் வேலை என்று.

இந்தக் கதையை மகள் ஐம்பது தடவையாவது கேட்டிருப்பாள். பலகை என்ற சொல் வந்ததுமே அவள் காது தானாக மூடிக்கொள்ளும்.

கடிதம் வந்த அன்று மாலை, கால்கள் நாற்காலியில் ஏறிய பிறகு, மகள் மெல்ல ஆரம்பித்தாள். ஆய்வாளர் வரும் வியாழக்கிழமை கடைக்கு வருகிறார். கூட எழுதுவதற்கு அவளும் வர வேண்டும். அன்றைக்கு ஒரே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும்.

"நடிக்கச் சொல்றியா?"

"உக்காரச் சொல்றேன்மா."

"வேணாம்னு உக்காராதவ உக்காந்தா அதுக்குப் பேர் நடிப்புதான்."

பட்டன் பெண்ணை நினைத்துப் பார்க்கச் சொன்னாள் மகள். பட்டன் பெண் என்பவள் அதே மாடியில் பட்டன், லேஸ் விற்கிறவள். ஆறு மாத கர்ப்பம். கணுக்கால் இரண்டும் தலையணை மாதிரி வீங்கியிருப்பதாக அம்மாவே வந்து சொல்லியிருக்கிறாள். ஸ்டூல் கிடங்குக்குப் போய்விட்டால் மிச்ச நாட்களையும் அவள் நின்றே தள்ள வேண்டும்.

அவளை யார் நிற்கச் சொன்னது, ஸ்டூல் பக்கத்திலேயேதான் கிடக்கிறது, உட்கார வேண்டியதுதானே என்றாள் அம்மா. அவள் பையைத் தூக்கிக்கொண்டு படியேறுவது தான்தான் என்றும், அவளுக்குச் சேர்த்துத் தண்ணீர் பிடிப்பது தான்தான் என்றும் அடுக்கினாள். எல்லாம் உண்மை. அதுதான் மகளுக்கு எரிச்சலைக் கிளப்பியது. கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போகலாம். நல்லவள் பிடிவாதம் பிடித்தால் என்னதான் செய்வது?

வாக்குவாதம் வளர்ந்தது. உன் ஒருத்தியின் வீம்பால் ஒரு மாடியே கால் நோக நிற்கிறது என்று மகள் சொல்லிவிட்டாள். அம்மா கால்களைக் கீழே இறக்கினாள்.

"உன் ஆபிசுக்கு ஒரு நாள் சாப்பாடு கொண்டு வந்தேன்ல. வெளிய பெஞ்சுல இருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். உங்க ஆய்வாளர் அந்தப் பக்கம் போனா எந்திரிக்கற, இந்தப் பக்கம் வந்தா எந்திரிக்கற. பதினோரு தடவ. எண்ணினேன். நாற்காலி குடுத்தும் நீ நின்னுட்டுத்தானே இருக்க? எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா."

அதற்கு மேல் மூன்று நாள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பதினொன்று இருக்காது, ஆறு ஏழு இருக்கும் என்று மகள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். மறுநாள் அலுவலகத்தில் எண்ணிப் பார்த்தாள். மதியத்துக்குள் ஒன்பது ஆகிவிட்டது. எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

அந்தக் கடையில் தன் அம்மா வேலை பார்ப்பதை ஆய்வாளரிடம் முன்பே சொல்லியிருந்தாள். நீ எழுதத்தானே வருகிறாய், தீர்ப்பா சொல்லப் போகிறாய் என்று அவர் சிரித்துவிட்டார். பருத்த, நல்ல மனிதர். விதியில் உள்ளது உள்ளபடி நடக்க வேண்டும் என்பார். விதியில் இல்லாதது எதுவும் அவர் கண்ணில் படாது.

வியாழக்கிழமை மாடிக்குப் போனபோது ஸ்டூல்கள்மேல் ஒரு துணிச் சுருள்கூட இல்லை. பன்னிரண்டும் துடைத்து வரிசையாக, கவுண்டர்களுக்குப் பின்னால் பளபளவென்று இருந்தன. அவற்றின் பக்கத்தில் பன்னிரண்டு பெண்களும் நின்றார்கள். பெண் பார்க்க வந்தவர்களை உள்ளே அழைத்துப் போகிற மாதிரி முதலாளி முகமெல்லாம் சிரிப்பாக முன்னே நடந்தார். மகள் ஃபைலை இடது கையில் ஏந்தி, நின்றபடியே எழுதினாள். வழங்கப்பட்ட இருக்கைகள்: பன்னிரண்டு. பயன்பாட்டில் உள்ளவை: இல்லை.

ஆய்வாளர் ஒவ்வொருவரையும் உட்கார விருப்பமா என்று கேட்டார். ஒவ்வொருவரும் வாய் திறப்பதற்கு முன்னால் ஒரு தடவை ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். அங்கே தூணக்கா துணியை மடித்தபடி நின்றாள். வேண்டாம் சார். பழகிவிட்டது சார். பரவாயில்லை சார். மகளின் பேனா நகர்ந்தது. அம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

பட்டன் பெண்ணின் முறை வந்தது. ஒரு கை இடுப்பில், ஒரு கை கவுண்டர் விளிம்பில்.

"வேணாம் சார்."

"ஏம்மா, இந்த நெலமையிலயும் வேணாமா?" ஆய்வாளருக்கே கேட்காமல் இருக்க முடியவில்லை. படிவத்தில் அந்தக் கேள்வி கிடையாது.

அவள் தயங்கினாள். "அக்கா நிக்கறாங்க சார். அந்தக் காலை வச்சுக்கிட்டு அவங்களே நிக்கறாங்க. நான் உக்காந்தா என்னைப் பத்தி என்ன நெனப்பாங்க?"

மடித்துக்கொண்டிருந்த துணி அம்மாவின் கையில் அப்படியே நின்றது.

"நான் என்னடி நெனச்சேன்? எப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா?"

"சொன்னதில்லக்கா. நீங்க எதுவுமே சொல்றதில்ல. நிக்கறீங்க."

முதலாளி தொண்டையைக் கனைத்து, பார்த்தீர்களா சார், அவர்களே சொல்கிறார்கள் என்றார். ஆய்வாளர் மகள் பக்கம் திரும்பி, பணியாளர்கள் விருப்பமின்மை காரணமாக என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். மகள் "பணியாளர்கள்" வரைக்கும் எழுதினாள்.

ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. அம்மா அதைக் காலால் தன் பக்கம் இழுத்தாள். "இந்தா பாத்துக்க. நானே உக்காந்துட்டேன். உக்காருடி நீயும்" என்று பட்டன் பெண்ணைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் காணாமல் போனாள்.

கவுண்டருக்கு மேலே கொண்டை மட்டும் தெரிந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்துப் படியேறி வந்த ஒரு வாடிக்கையாளர் திரைத்துணிப் பிரிவுக்கு நேராகப் போனார். இங்க யாரும் இல்லையா என்று கேட்டார். கொண்டை அசைந்தது. அவர் கவுண்டரின்மேல் கையூன்றி, எக்கி, குனிந்து பார்த்தார். அம்மா கீழேயிருந்து அண்ணாந்து அவரைப் பார்த்தாள்.

மகள் பக்கவாட்டில் நின்றதால் அந்த முகம் அவளுக்குத் தெரிந்தது. ஐம்பது தடவை கேட்ட கதை அங்கே பலகையோடு உட்கார்ந்திருந்தது. தன் காதைத் தானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது அவளுக்கு. நூற்று நாற்பது அறிவிப்புகளைத் தட்டச்சு செய்தாளே, "இருக்கை" என்று எழுதியபோது அதன் உயரம் என்னவென்று ஒரு தடவையாவது யோசித்தாளா?

அம்மா எழுந்திருக்கவில்லை. அதுதான் ஆச்சரியம். வாடிக்கையாளரை இரண்டு நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

"சார், இங்க கொஞ்சம் வாங்க. பக்கத்துல இன்னொண்ணு கெடக்கு. ஒரு நிமிஷம் உக்காந்து பாருங்க."

முதலாளி, என்ன இது என்று ஆரம்பித்தார். ஆய்வாளர் ஏற்கெனவே கவுண்டரைச் சுற்றி உள்ளே போய்விட்டார். விதியில் அதற்குத் தடை இல்லை. உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் மார்புக்கு ஏறின. நெற்றியும் கண்ணாடியும் மட்டும் கவுண்டருக்கு மேலே தெரிந்தன. முதலாளி பதறிப்போய்க் குனிந்து, சார் வேண்டாம் சார் என்றார். ஆய்வாளர் அண்ணாந்தார். அப்படியே சற்று நேரம் அண்ணாந்தபடி இருந்தார்.

"இப்படி இருந்துக்கிட்டு நான் யாருக்கு சார் துணி காட்டறது?" என்றாள் அம்மா. "இது உக்கார்றதுக்கு வாங்கினதில்ல. உங்களுக்குக் காட்டறதுக்கு வாங்கினது. இந்தக் கவுண்டர் என் நெஞ்சு உயரம். உக்காந்தாலும் முகம் நேருக்கு நேர் தெரியற மாதிரி ஒண்ணு வாங்கிப் போடச் சொல்லுங்க. உக்கார்றேன். அந்தப் பொண்ணும் உக்காருவா."

ஆய்வாளர் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. கால்சட்டையைத் தட்டிவிட்டு, உயரத்துக்குப் படிவத்தில் கட்டம் இருக்கிறதா என்று மகளைக் கேட்டார். இல்லை என்றாள். பிற குறிப்புகள் என்று ஒரு கட்டம் இருந்தது, தபால்தலை அளவில். அதில் எறும்பு எழுத்தில் எழுதினாள்: இருக்கைகள் பயன்படுத்தத் தக்க உயரத்தில் இல்லை, விலக்கு மறுக்கலாம், முப்பது நாளில் மாற்ற வேண்டும். எழுதி முடித்துத் தலை நிமிர்ந்தபோது, தாழ்ந்ததோ உயர்ந்ததோ, பட்டன் பெண் தன் ஸ்டூலில் உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையும் அம்மாவோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இருபத்தாறு வருஷம் தவறாக நினைத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தது மகளின் மடத்தனம்.

"நான் என்ன தப்பா சொன்னேன்? முகத்துக்கு நேரா நிக்கணும்னேன். இப்பவும் அதைத்தான் சொல்றேன்."

"அப்போ அஞ்சு மாசமா ஸ்டூல் குட்டைன்னு சொல்ல வேண்டியதுதானேம்மா?"

"உக்காந்தாத்தானே தெரியும்" என்றாள் அம்மா, ஏதோ மகள்தான் அவளை உட்காரவிடாமல் தடுத்த மாதிரி.

உயரமான ஸ்டூல்கள் முப்பது நாளில் வரவில்லை, ஐம்பதாவது நாள் வந்தன. பன்னிரண்டுக்கு ஆறுதான். மாறி மாறி உட்காருகிறார்கள். பட்டன் பெண் விடுப்பில் போவதற்கு முன்னால் மூன்று வாரம் உட்கார்ந்தாள். எதிர்க் கடைப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, எங்கள் ஸ்டூலும் குட்டை என்று அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறார்கள். அந்தக் கடிதத்துக்கும் மகள்தான் எண் போட்டாள். அம்மா முதல் நாளே முதலாளியிடம் போய், கால் தொங்குகிறது, கீழே ஒரு கட்டை வேண்டும் என்று நின்றிருக்கிறாள். இருபத்தாறு வருஷமாக எதுவும் கேட்காதவள் கேட்கத் தொடங்கிவிட்டாள் என்று மாடி மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறாராம்.

வாடிக்கையாளர் வந்தால் இன்னும் எழுந்துவிடுகிறாள். அதை மட்டும் மாற்ற முடியவில்லை.

"இன்னிக்கு எத்தன தடவ எந்திரிச்ச?" என்று நேற்று படுத்தபடியே கேட்டாள்.

"ஏழு" என்றாள் மகள். அதில் ஒன்று அரைகுறை. ஆய்வாளர் வந்தபோது பாதி எழுந்து, பிறகு என்ன நினைத்தாளோ, உட்கார்ந்துவிட்டாள். அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. "நீ எத்தன தடவ உக்காந்த?"

அம்மா நாற்காலிமேல் கிடந்த கால்களை இறக்கி, அதைத் தன் பக்கம் இழுத்து, உயரம் சரியா என்று கையால் அளந்து பார்த்தாள்.