முதுகில் இரண்டு தட்டு

இந்த ஓஹையோவில் ஆண்கள் எதற்கெடுத்தாலும் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுகிறார்கள். வேலையை நன்றாகச் செய்தாலும் தட்டு, லீவு முடிந்து வந்தாலும் தட்டு. வந்து ஆறு வருடமாகியும் எனக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. சிரித்துச் சமாளிக்கிறேன். காரணத்தை இங்கே உள்ள நம்மவர்களிடமும் சொன்னதில்லை, ஊரிலும் சொன்னதில்லை. இப்போது சொல்லித் தொலைக்கிறேன்.

நான் வேலை பார்க்கும் கிடங்கில் திங்கட்கிழமை காலை இடைவேளை என்றால் ஃபுட்பால் பேச்சுதான். காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஆளை ஆள் மோதிச் சாய்க்கிற அமெரிக்க ஆட்டம். போன வாரம் ஒருவன், பந்தை விட்டுவிட்டு நின்றவனை ஓடிவந்து இடித்துத் தூக்கியடித்தான். விழுந்தவனுடைய கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். அசையவே இல்லை. ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கொண்டுபோனார்கள். என்னோடு வேலை பார்க்கும் டேவ் அதைத் தன் போனில் எட்டுக் கோணத்தில் போட்டுப் போட்டுக் காட்டினான். விசிலுக்கு முன்பா, பின்பா? தோளால் இடித்தானா, தலையாலா? மேசையைக் குத்திக் கத்தினார்கள். "விசில் அடிக்கிறவரை ஆட்டம் ஆட்டம்தான்" என்றான் டேவ். என் கண்ணில் பட்டது வேறு. இடித்தவன் எழுந்ததும் விழுந்தவனைப் பார்க்கவில்லை, நடுவரைப் பார்த்தான். பாவி, நானும் அன்றைக்கு அப்படித்தான் பார்த்தேன்.

"நீ ஏதாவது விளையாடியிருக்கிறாயா?" என்று டேவ் கேட்டான். கபடி என்றேன். ஒரே மூச்சில் பாடிக்கொண்டே போய் எதிராளியைத் தொட்டுவிட்டு ஓடிவர வேண்டும் என்றேன். குழந்தைகள் விளையாட்டு என்று நினைத்துவிட்டான். "அப்படியானால் யாருக்கும் அடிபடாது, இல்லையா?" என்றான். படாது என்றேன், வாய் கூசாமல்.

பட்டது. பட்டவன் ஏழுமலை, என் தாய்மாமன் மகன். அவன் சாலவாக்கம் டீம், நான் உத்திரமேரூர் டீம். நான் இங்கே வருவதற்கு முன், ஒரு காணும் பொங்கலன்று, அறுவடை முடிந்த வயலில் கோடு போட்டு ஆட்டம். அந்த மாதக் கடைசியில் அவனுக்குப் போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வு இருந்தது. பாடி வந்த ஒவ்வொரு தடவையும் என் கன்னத்தில் பளாரென்று தொட்டுவிட்டு ஓடினான். சனம் விசிலடித்துச் சிரித்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. நாலாவது தடவை இடுப்போடு சேர்த்துப் பிடித்தேன். எங்கள் ஆட்கள் சுற்றி நின்று மறைத்துக்கொண்டார்கள். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மூச்சு விட்டுப்போனால், பாடி வந்தவன் பிடித்தவனுடைய முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவான். நான் அவுட், விடு என்று அர்த்தம். உடனே விட்டுவிட வேண்டும். ஏழுமலை தட்டினான். என் காதோரம் கேட்டுக்கொண்டிருந்த பாட்டும் நின்றிருந்தது. நான் விடவில்லை. தூக்கி, முட்டி திருகத் தரையில் அடித்தேன். கரும்பை ஒடித்த மாதிரி சத்தம் கேட்டது.

அப்புறம் ஏது ஆட்டம், அடிதடிதான். "பாட்டு நின்னப்புறம் போட்டுக்கிறான்டா!" என்று சாலவாக்கத்தார் கம்போடு பாய்ந்தார்கள். "விசில் அட்ச்சாங்களா? அப்பால இன்னாடா தப்பு?" என்று எங்களவர்கள் நாற்காலியைத் தூக்கினார்கள். இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. நான் நடுவரைப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்திழுத்து, பாட்டு நின்றதா என்று கேட்டார். "பாடிக்கினுதான் சார் இருந்தான்" என்றேன். மண்ணில் கிடந்த ஏழுமலை என்னையே பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுடைய போலீஸ் வேலை அன்றோடு போயிற்று. இன்றைக்கு சாலவாக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். அந்தக் கால் மடங்காது.

டேவின் போனை அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. வெளியே கார் நிறுத்தும் இடத்துக்கு வந்து ஏழுமலையைக் கூப்பிட்டேன். அங்கே கடை மூடுகிற நேரம்.

"மச்சான், அன்னிக்கு நீ என் முதுவுல தட்டின. எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சேதான் போட்டேன்."

"இத சொல்லவா அமெரிக்காலேர்ந்து போன் போட்ட? தட்டுனவனுக்குத் தெரியாதா?"

"அப்பவே ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா எங்காளுங்க உன் வூட்ட கொளுத்தியிருப்பானுங்க. உள்ள அத்த இருந்துச்சு."

அவனுடைய அத்தை என் அம்மா. மூக்கு ஒழுக அங்கேயே நின்று அழுதேன்.

"அழுவாத. நாயமா, நாயமில்லியான்னு இங்க இன்னும் பேசிக்கினுதான் கீறானுங்க. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? பொங்கலுக்கு வா. கிரவுண்டுல நின்னு சொல்லு" என்றான். வைத்துவிட்டான்.

சொன்னால் இரண்டு ஊரும் என்னைச் சும்மா விடாது. உள்ளே போய் ஜனவரிக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். பிறகு கண்ணாடிப் பாட்டில் பெட்டி ஒன்றைத் தூக்கினேன். டேவ் பின்னாலேயே வந்தான்.

"நீ சொல்லவே இல்லையே. அந்த இடி சரியா, தப்பா?"

"தப்பு. இடித்தவனுக்கே தெரியும்" என்றேன்.

சரி போ, உன் கட்சி அது என்று சிரித்தபடி என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினான். என் இரண்டு கைகளும் தாமாக விரிந்தன. பெட்டி விழுந்து பாட்டில்கள் நொறுங்கின.

"ஐயோ, ஏன் விட்டாய்?" என்று டேவ் பதறினான்.

"எங்க ஊர்ல தட்னா வுட்ரணும்" என்றேன், தமிழிலேயே.

புரிந்தவன் போலத் தலையாட்டிவிட்டு, துடைப்பம் எடுத்துவரப் போனான்.