பொட்டு வைத்த படை

செம்மலைப் பற்றிக் கீரனூரில் யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, அவன் லேத்தில் கடைந்து கொடுத்த சாமான் லேசில் தேயாது. இரண்டு, ஆள் கொஞ்சம் மறை கழன்ற கேஸ். முதலாவது உண்மை. இரண்டாவதைச் சொன்னவர்களோடு நான் டீக்கடையில் மல்லுக்கு நின்றிருக்கிறேன். அதே மறை எனக்கும் கழன்றிருக்கிறதே, சும்மா இருக்க முடியுமா?

என் பெயர் இன்னாசி. பஸ் ஸ்டாண்டு எதிரே எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்து புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்த விளையாட்டை விளையாடுகிறவர்கள் நாங்கள் இரண்டே பேர்தான். அவனுக்கு நான், எனக்கு அவன். சண்டை போட்டுக்கொண்டாலும் மறுநாள் அவன் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

விளையாட்டு இதுதான். பெரிய மேசையில் பச்சைத் துணியை விரித்து, தெர்மாகோலில் குன்றும் தேங்காய் நாரில் மரமும் வைப்போம். ஒரு காலத்தில் நிஜமாகவே மோதிக்கொண்ட இரண்டு படைகள் கட்டைவிரல் உயர ஈய உருவங்களாக எதிரும் புதிருமாக நிற்கும். டேப் வைத்து அளந்து நகர்த்த வேண்டும். பகடையை உருட்டி யார் விழுந்தான், யார் ஓடினான் என்று முடிவு செய்ய வேண்டும். செம்மலின் பட்டறைக்குப் பின்னறையில் இரண்டு டிரம் மேல் ஒரு பழைய கதவைப் போட்டு, பெயிண்ட் அடிக்காத பழைய உருவங்களை வைத்து விளையாடுவோம். செம்மலின் மனைவி தேவிப்ரியா எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் கொலு வைக்கிறீங்களா? சுண்டல் எப்பத் தருவீங்க?" என்று கேட்டுவிட்டுப் போகும்.

இதற்கென்றே பெங்களூரில் வருஷத்துக்கு ஒருமுறை பெரிய கூட்டம் கூடும், போட்டியும் நடக்கும். அங்கே அவரவர் பெயிண்ட் அடித்த படையை அவரவர் கொண்டு வர வேண்டும். தூரத்திலிருந்து படை இல்லாமல் வருகிறவனுக்கு யாராவது தங்கள் படையை இரவலாகக் கொடுப்பார்கள். நல்ல மனுஷர்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் செம்மல் போன வருஷம் வரைக்கும் இரவல் படையோடுதான் விளையாடினான். ஒவ்வொரு தடவையும் அங்கே ஒரு பொடியன் சிரித்துக்கொண்டே, "இந்த வருசம் யாரோட ஆர்மிண்ணா?" என்று கேட்பான். செம்மலும் சிரிப்பான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கூட்டத்தில் இங்கிலீஷ்காரன் படை வரும், பிரெஞ்சுக்காரன் படை வரும், மைசூர்ப் படை மராட்டியப் படை எல்லாம் வரும். புதுக்கோட்டைப் படை மட்டும் வராது. "அத்தன பேரு நிக்கிறான், நம்மாளு ஒருத்தன் இல்லையேடா," என்று ஒரு தடவை ரயிலில் திரும்பும்போது சொன்னான். அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விடவில்லை. தொண்டைமான் காலத்துப் புதுக்கோட்டைப் படை ஒன்றைத் தன் கையால் செய்து அந்த மேசையில் நிறுத்தி நாலு பேர் பார்க்க வேண்டும் என்று கிளம்பிவிட்டான். அவனுக்கு ஜெயிப்பதெல்லாம் பெரிதில்லை. பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படி ஒரு படையைச் செய்து விற்கிற கம்பெனி எதுவும் அவனுக்குச் சிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து ஏதோ ஒரு பொதுவான சிப்பாய் உருவங்களை வரவழைத்து, தொப்பியை அராவி எடுத்து, தலைப்பாகை வைத்து, குண்டூசியைத் தட்டி வளைத்து, வீசி எறிகிற வளரியாக்கிக் கையில் பற்ற வைத்தான். அப்புறம் பெயிண்ட். பட்டறையைச் சாத்திய பிறகு பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவான். இரண்டு வருஷம் ஆனது. தீபாவளி, பொங்கல் எதுவும் அவனுக்குத் தெரியாது. பட்டறையைத் தவிர்த்த நேரமெல்லாம் அந்தப் படைக்கே போனது.

இந்தத் தொழிலில் ஒரு சூட்சுமம் உண்டு. இவ்வளவு சின்ன உருவம் பளபளத்தால் கடைப் பொம்மையாகத் தெரியும். அதனால் கடைசியில் மேலே ஒரு மங்கல் பூச்சுக் கொடுத்து மினுமினுப்பைக் கொன்றுவிட வேண்டும். நடந்து வந்த படையென்றால் காலில் புழுதியும் இருக்க வேண்டும். செம்மல் நார்த்தாமலைப் பக்கத்துச் செம்மண்ணை ஒரு டப்பாவில் அள்ளி வந்து, அதைப் பார்த்துப் பார்த்து நிறம் கலந்து, ஒவ்வொருவன் முழங்காலுக்குக் கீழேயும் தடவினான். வியர்த்து, களைத்து, நிஜமாகவே குளத்தூர் வரை நடந்து வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். "போட்டோ எடுறா," என்றேன். "மேசையில ஏறட்டும். அப்பறம் ஊரே எடுக்கட்டும்," என்றான். என்னையும் எடுக்க விடவில்லை.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் சாயங்காலம் ரயில், அதற்கு மறுநாள் காலையில் போட்டி. ஆயுத பூஜையன்று காலையில், உருவங்களை அடுக்கிக் கொண்டுபோகப் பெட்டியும் ஸ்பாஞ்சும் வாங்க நானும் அவனும் திருச்சிக்குப் போய்விட்டோம். பட்டறையைப் பிச்சையண்ணன் பொறுப்பில் விட்டிருந்தான்.

பிச்சையண்ணன் செம்மலின் அப்பா காலத்திலிருந்து அங்கே வேலை பார்க்கிறவர். குன்றாண்டார்கோவில் பக்கத்து ஆள், பட்டறை சாத்தினதும் பஸ் ஏறிவிடுவார், ராத்திரிப் பெயிண்ட் வேலையைப் பார்த்ததில்லை. ஆயுத பூஜை வந்தால் அவருக்குக் காலும் நிற்காது, கையும் நிற்காது. பட்டறையில் இரும்பாக உள்ளதெல்லாம் மண்ணெண்ணெயில் குளிக்கும். பழைய பெயிண்டைச் சுரண்டி, தேய்த்து, துடைத்து, பளிச்சென்று ஆக்கின பிறகுதான் சந்தனமும் குங்குமமும். அழுக்கோடு ஒரு ஸ்பேனரைக்கூடச் சாமி முன்னால் வைக்க மாட்டார். நாங்கள் திரும்பியபோது வாசலில் வாழைக்கன்று கட்டி, லேத்துக்கு மாலை போட்டு, பூசணிக்காயெல்லாம் தயாராக இருந்தது. அவர் வாசலிலேயே எங்களை மறித்தார்.

"தம்பி, கண்ண மூடிக்கிட்டு வாங்க. நீங்களுந்தான் இன்னாசி."

உள்ளே போய்க் கண்ணைத் திறந்தோம். லேத்துக்கு முன்னால் ஒரு பலகை. பலகை மேல் வாழை இலை. இலை மேல் வரிசை வரிசையாகச் செம்மலின் படை நின்றது. வெள்ளி மாதிரி ஜொலித்தது. ஒரு சொட்டுப் பெயிண்ட் கிடையாது. தலையிலிருந்து கால் வரை வெறும் ஈயம், ஒவ்வொருவன் நெஞ்சிலும் ஒரு புள்ளி சந்தனம், அதன் நடுவில் கடுகளவு குங்குமம்.

"எல்லாத்துக்கும் முன்னாடி ஒங்க ஆளுகளத்தான் எடுத்தேன்," என்றார் பிச்சையண்ணன். "நீங்க உசுரா வெச்சிருக்கிற சாமானாச்சே. ஒரே மங்கலு தம்பி. காலெல்லாம் சேறு. மண்ணெண்ணையில போட்டுப் பாத்தேன், போக மாட்டேன்னுருச்சு. அப்பறம் தின்னருல ஊறப்போட்டு, பல்லு வெளக்குற பிரஷ்ஷ வெச்சு ஒண்ணொண்ணா தேச்சேன். பொட்டு வைக்கத்தான் சிரமமாப் போச்சு. ஊதுவத்திக் குச்சிய நுனி சீவி வெச்சேன். எப்புடி இருக்கு தம்பி?"

அவர் விரல்களெல்லாம் தின்னர் பட்டு வெளுத்து வெடித்திருந்தன. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அட பாவி மனுஷா! எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. ஒரு அடி முன்னால் வைத்தேன். செம்மல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். லேத் பிடிக்கிற கை, எலும்பு நொறுங்குகிற மாதிரி இறுக்கினான்.

"நல்லாருக்குண்ணே," என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். பிறகு சூடத்தை ஏற்றி லேத்துக்குக் காட்டினான், வெல்டிங் மிஷினுக்குக் காட்டினான், அந்த வாழை இலைக்கும் காட்டினான். பிச்சையண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தேவிப்ரியா இலையைப் பார்த்தது, புருஷனைப் பார்த்தது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டது. அது ஒன்றுதான் அங்கே விஷயத்தைச் சட்டென்று புரிந்துகொண்ட ஆள்.

பூஜை முடிந்து பின்பக்கம் போனேன். தண்ணீர் டிரம் பக்கத்தில் செம்மல் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். நாற்பத்தாறு வயசு ஆம்பளை சத்தம் வராமல் அழுவதைப் பார்ப்பது மாதிரி ஒரு கொடுமை கிடையாது.

"எந்திரிடா. இப்பவே எடுப்போம். ரெண்டு பேரும் ஒக்காந்து மூணு கலராச்சும் அடிச்சு ஏத்திருவோம்," என்றேன்.

"பூசையில வெச்சத நாளைக்குத்தாண்டா எடுக்கணும்."

"மண்ணாங்கட்டி! யாரு பாக்கப் போறா?"

"அவரு பாப்பாருடா. சாயங்காலம் வரைக்கும் அங்கிட்டே ஒக்காந்து பாத்துக்கிட்டிருப்பாரு. நான் அதை எடுத்துப் பெயிண்ட் அடிச்சா, என்னத்துக்குன்னு கேப்பாருல்ல? நான் என்ன சொல்றது?"

"உள்ளதச் சொல்லு."

"சொன்னா அந்த மனுசன் தாங்க மாட்டாருடா. அப்பறம் இந்தப் பட்டறையில ஒரு சாமானத் தொட மாட்டாரு." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "போனது போச்சு. அவரையும் சேத்து அழ வைக்கணுமா?"

 நான் எது சொன்னாலும் அவன் கேட்டிருக்க மாட்டான். மறுநாள் பிச்சையண்ணனே ஒவ்வொன்றாக எடுத்து ஸ்பாஞ்சில் பதித்து, பொட்டு அழியாமல் பெட்டியை மூடிக் கொடுத்து, "ஜெயிச்சிட்டு வாங்க தம்பி," என்று ஆட்டோ வரை வந்து ஏற்றிவிட்டார். இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன தண்டனை வேண்டும்?

பெங்களூரில் போட்டிக்கு நடுவர் உடையப்பன். பூர்வீகம் திருமயம் பக்கத்து ஊர், பிழைப்பு பெங்களூரில் கம்ப்யூட்டர். எங்களைப் பார்த்தால் "நம்மூரு" என்று கட்டிப்பிடித்துக்கொள்வார். பெட்டியைத் திறந்து பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

"அண்ணே, பெயிண்ட் அடிக்காத ஆர்மிய ஏத்த முடியாதுண்ணே. ரூல் ஒங்களுக்கே தெரியும்."

நான் நடந்ததை எல்லாம் கொட்டினேன். கேட்டார். அவர் கண்ணும் கலங்கிவிட்டது. ஆனாலும், "போன வருசம் இதே காரணத்துக்கு ரெண்டு பசங்களோட ஆர்மிய ஏத்த மாட்டேன்னுட்டேன். இப்ப நம்மூரு ஆளுன்னு ஒங்கள விட்டா நான் என்னண்ணே நடுவரு?" என்றார். அவரைத் திட்டவும் முடியவில்லை. இருக்கிற கோபத்தை எல்லாம் வைத்துக்கொண்டு யாரையும் திட்ட முடியாமல் நிற்பது எப்படி இருக்கும் தெரியுமா? 

செம்மலுக்கு ஒரு மராட்டியப் படையை இரவலாகக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டான். அவன் மனசு நோகக் கூடாது என்று உடையப்பன் அவனுடைய பெட்டியைத் திறந்து, வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கான மேசையில் ஓர் ஓரமாக அந்த ஈயப் படையை நிறுத்தினார். பக்கத்தில் ஆளாளுக்கு அழகாகப் பெயிண்ட் அடித்த படைகள். பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வில்லை கொடுப்பார்கள். பிடித்த படைக்கு முன்னால் இருக்கிற கிண்ணத்தில் போட வேண்டும்.

மத்தியானத்துக்கு மேல் அந்த ஓரத்தில் கூட்டம் கூடிவிட்டது. செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குங்குமத்துக்குக் கிட்டே போய்ப் படம் எடுத்தார்கள். "என்ன ஐடியா பாரேன்! சாமிக்கு நேந்துவிட்ட படை," என்றது ஒரு பெண். "அத்தனையும் ஒரே வெள்ளி, அதுல ஒரு துளி செவப்பு. யோசிச்சுப் பண்ணியிருக்காரு," என்றது ஒரு தாடி. செம்மல் தள்ளி நின்று இரவல் மராட்டியர்களை டேப் வைத்து நகர்த்திக்கொண்டிருந்தான். எல்லாச் சுற்றிலும் தோற்றான்.

சாயங்காலம் கிண்ணங்களை எண்ணினார்கள். பார்வையாளர் பரிசு செம்மலுக்கு.

மேடையில் கேடயத்தைக் கையில் கொடுத்து, மைக்கையும் நீட்டினார்கள். செம்மல் கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைக்கை வாங்கினான்.

"இதுல பெயிண்ட் இருந்துச்சுங்க," என்றான்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நல்ல ஜோக் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். அவன் மறுபடியும், "நெசமா இருந்துச்சுங்க," என்றான். இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். உடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். நான் கடைசி வரிசையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கி என்னத்தைக் கத்துவது? காட்ட ஒரு போட்டோகூட இல்லை.

மறுநாள் காலையில் திருச்சியில் இறங்கிப் புதுக்கோட்டை பஸ் பிடித்தோம். ஜன்னலோரம் அவன், மடியில் பெட்டி, பெட்டி மேல் கேடயம். மாத்தூர் தாண்டியதும் கூப்பிட்டான்.

"இன்னாசி."

"சொல்லுடா."

"கொடி தூக்கிக்கிட்டு ஒருத்தன் நின்னானே. அவன் தலப்பா என்ன கலரு?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு வருஷம் சாயங்காலம் தவறாமல் அந்தப் பின்னறையில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அவனையும் என்னையும் விட்டால் அந்தப் படையின் கலரை நின்று பார்த்தவன் இந்த உலகத்தில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். கொடி ஞாபகம் வந்தது. அவன் மீசைகூட வந்தது. தலைப்பாகை வரவில்லை. எவ்வளவு முட்டிப் பார்த்தாலும் அந்த வெறும் ஈயமும் பொட்டும்தான் வந்து நின்றன.

"நீலம்," என்றேன்.

செம்மல் என் முகத்தையே பார்த்தான்.

"ஆமாடா, நீலந்தான்," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கீரனூர் வரும்வரை அவன் திரும்பவே இல்லை.