துபாயிலிருந்து வந்த கேசட்டுகள்

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டர் டிசைன் செய்வது என் வேலை. இரண்டு வருடமாக அதில் பாதியை ஏஐ செய்துவிடுகிறது. முருகன் படத்தில் மயில்தோகை வெட்டுப்பட்டிருந்தால் வளர்த்துக் கொடுக்கும். வடநாட்டு ஆர்டர்காரர்களுக்கு இந்தியில் பதில் எழுதும். எப்போதாவது சாமி கையில் ஒரு விரலைக் கூடுதலாக வைத்துவிடும். அதை நான் எண்ணிப் பார்த்துக்கொண்டால் போதும்.

வீட்டுக்கு வந்தால் நான் பழைய ஆள். என்னிடம் ஒரு டேப் ரெக்கார்டரும் பதினோரு கேசட்டுகளும் இருக்கின்றன. பாட்டுக் கேசட்டுகள் அல்ல, அப்பா பேசி அனுப்பியவை. நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அவர் துபாய்க்குப் போனார். மாலை போட்டு, தெருவே பஸ் ஸ்டாண்டு வரை வந்து வழியனுப்பியது. அப்பாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது என்பதால் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட் வரும். "ஊருக்கு வந்த ஆள்கிட்டக் குடுத்துவிட்டிருக்காக" என்று அம்மா கொண்டுவந்து தருவாள். ஐந்து வருடம் கழித்து அவர் திரும்பி வந்து இங்கேயே ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் இறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கேசட்டாவது போட்டுக் கேட்பேன். பட்டனை அழுத்தியதும் 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு அவர் தொண்டையைக் கனைப்பது. போனில் எத்தனையோ குரல்கள் கேட்கிறோம், இந்த மாதிரி ஆளே பக்கத்தில் வந்து உட்காருவதில்லை.

ஒரு கேசட்டில் இரைச்சல் கூடிக்கொண்டே போனது. அச்சகத்தில் என்னோடு வேலை பார்க்கும் பெண்ணிடம் சொன்னேன். "ஏஐல போடுங்கக்கா. குரல் தனியா, மத்த சத்தம் தனியாப் பிரிச்சுக் குடுத்துரும்" என்றாள்.

மறுநாள் போனில் பதிவு செய்து எடுத்துப் போய் ஏற்றினேன். இரண்டு ஃபைல் வந்தது. முதலாவதில் அப்பாவின் குரல் கழுவி வைத்த மாதிரி இருந்தது. "இங்கன வெயில் தாங்கல தாயி. எங்கன பாத்தாலும் மணலாக் கெடக்கு." கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போனதும் அம்மாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, சும்மா இரண்டாவது ஃபைலைப் போட்டேன். ஃபேன் ஓடும் சத்தம். ஹாரன். பிறகு ஒரு ஆள், "வெள்ளரிக்கா, பிஞ்சு வெள்ளரிக்கா" என்று கூவிக்கொண்டு போனான்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. துபாயில் தமிழில் கூவி வெள்ளரிக்காய் விற்பார்களா என்று ஏஐயிடமே கேட்டேன். அங்கே தமிழர்கள் நிறையப் பேர் வசிக்கிறார்கள், சந்தைகளில் தமிழ்க் குரல் கேட்பது இயல்புதான் என்று மரியாதையாகப் பதில் சொன்னது. சரிதான் என்று ஒரு காலண்டர் புரூஃபை முடித்துக் கொடுத்தேன்.

டீ நேரத்தில் மறுபடியும் கேட்டேன். இந்த முறை கடைசி வரை. ஒரு விசில். "சாத்தூர் எல்லாம் எறங்கு" என்று கண்டக்டர் குரல். அதன்பின், இரைச்சலுக்கு அடியிலிருந்து, ஒரு பெண் அடங்கிய குரலில் சொன்னாள்: "பரிட்சையப் பத்திக் கேளுங்க."

அது என் அம்மா.

அடுத்து அப்பா என்ன பேசுவார் என்று எனக்கு மனப்பாடம். "பரிட்சை எப்பிடி எழுதுன தாயி? கணக்கு கஷ்டமா வந்துச்சா?" துபாயில் இருந்துகொண்டே என் பரீட்சையைத் தெரிந்து வைத்திருக்கிறார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான்.

லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஹெட்போனை அவள் காதில் மாட்டினேன். கடைசி வரை கேட்டாள். கழற்றிவிட்டு, "இம்புட்டு நாளாக் கேக்காதது இப்ப எப்பிடிக் கேக்குது?" என்றாள். முதலில் கேட்டது அதைத்தான்.

"அப்பா துபாய்க்குப் போனாகளா, இல்லையா?"

"பம்பாய் வரைக்கும் போனாக. கூட்டிட்டுப் போன ஏஜெண்டு அங்கனயே விட்டுட்டு ஓடிட்டான். மாலை போட்டு அனுப்புன தெருவுல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரும்பி வருவாக?"

அங்கிருந்து திரும்பிய அப்பாவுக்குச் சாத்தூரில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏற்றும் வேலை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அறை. இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. மாதம் ஒருமுறை அம்மா சாத்தூர் பக்கம் இருக்கன்குடி கோயிலுக்குப் போவாள், அப்பா நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்ற நேர்த்திக்கடன். நானும் வருகிறேன் என்று அழுதால், "நேந்தவ மட்டுந்தான் போகணும்" என்பாள். போனது அந்த அறைக்கு.

"வேற யாருக்குத் தெரியும்?"

கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். "ரெண்டாவது வருசமே எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. ஒஞ் சித்தப்பா பாத்துட்டாரு. பெறகு ஒவ்வொருத்தராத் தெரிஞ்சுக்கிட்டாக."

"ஊருக்கே தெரிஞ்ச பெறகு எதுக்கும்மா கேசட்டு?"

"நீதான எங்கப்பா துபாய், எங்கப்பா துபாய்னு பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச. அத எப்பிடி நிப்பாட்ட?"

அப்படியென்றால் என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே தலையாட்டியிருக்கிறார்கள்.

"நான் பெரியமனுசி ஆனப்போகூட அப்பா வரலையே."

"வந்தாக. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து நின்னுட்டுத் திரும்பிட்டாக."

அது நிஜமா, அந்த நிமிடத்தில் எனக்காகச் சொன்னதா என்று தெரியவில்லை. திரும்பி வந்த பிறகு அப்பா எங்களோடு இத்தனை வருடம் இருந்தார். நான் துபாயைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் சளைக்காமல் சொன்னார். இனி அவரிடம் கேட்க முடியாது.

மூன்று வாரம் அம்மாவிடம் தேவைக்கு மட்டும் பேசினேன். அவள் சோறு கட்டி வைப்பாள், நான் எடுத்துக்கொண்டு போவேன். அதற்குள் மிச்சமிருந்த பத்து கேசட்டையும் ஏஐயில் போட்டுப் பிரித்துக் கேட்டுவிட்டேன். ஏழில் அம்மா இருக்கிறாள். ஒன்றில் அப்பா ஒட்டகத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கித் தடுமாறுகிறார். இருவரும் சிரிப்பை அடக்கப் பார்க்கிறார்கள், முடியவில்லை. மைக்கைப் பொத்திக்கொண்டு மூச்சு வாங்க வாங்கச் சிரிக்கிறார்கள். எங்கள் வீட்டில் அவர்கள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

அந்த ஃபைலை அம்மாவுக்குப் போட்டுக் காட்டவில்லை. காட்டினால் அந்தச் சிரிப்புக்கும் ஏதாவது ஒரு காரணம் சொல்லுவாள். அதை நான் நம்புவேனா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.